வளையல் துண்டும் பிளாஸ்டிக் காயும்

போன தீபாவளிக்கு வந்திருந்த தங்கை மகள் என் கைபேசியில் தாயம் மாதிரி ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். லூடோ என்று பெயர். "சும்மா சொவத்தப் பாத்துக்கிட்டு உக்காராம இத ஆடுங்க பெரியம்மா, நேரம் போறதே தெரியாது" என்றாள். நேரம் போவது எனக்கு நன்றாகவே தெரிகிறது, அதுதான் தொல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஊருக்குக் கிளம்புகிற பெண்ணிடம் எதற்கு என்று விட்டுவிட்டேன். தாராசுரத்தில் ஒரு மாடி போர்ஷனில் தனியாக இருக்கிற ஓய்வுபெற்ற நர்சுக்கு யோசனை சொல்ல ஆளா இல்லை.

ஆடிப் பார்த்தேன். பரவாயில்லை, பிடித்துப்போனது. ஒரு சாயங்காலம் எதிரில் ஆடிய மூன்று பேரையும் தோற்கடித்துவிட்டுக் கொஞ்சம் பெருமையோடு தங்கை மகளுக்குப் போன் செய்தேன். அவள் சிரித்தாள். நான் ஆடிக்கொண்டிருந்தது கம்ப்யூட்டரோடு மட்டுமாம், அந்த மூன்று பேரும் ஆட்களே இல்லையாம். எத்தனையோ தடவை பச்சைக் காயைப் பார்த்துப் பரிதாபப்பட்டு வெட்டாமல் விட்டிருக்கிறேன். யாருக்கு விட்டுக்கொடுத்தேன் என்று யோசித்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதைவிட எனக்கு ஒப்பாதது, காயைக் கையில் எடுக்க முடியாததுதான். விரலால் கண்ணாடியைத் தொட்டால் அதுவே தத்தித் தத்திப் போகிறது. காய் என்றால் விரல் நுனியில் ஒரு கனம் வேண்டாமா? பாபநாசத்தில் எங்கள் வீட்டுத் தாயக்கட்டை பித்தளை. அது மட்டும்தான் கடைச்சரக்கு, காய்களை அவரவர் தேடிக்கொள்ள வேண்டும். அம்மாவுக்குப் புளியங்கொட்டை, சித்திக்குச் சோழி, எனக்கும் தங்கைக்கும் கையில் அகப்பட்டது எதுவோ அது. கல் மட்டும் கிடைக்காது. எங்கள் பக்கத்து மண் காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல், ஓர் ஆள் உயரம் தோண்டினாலும் சுண்டுவிரல் அளவு கல் அகப்படாது. கல் வேண்டுமானால் ரயில்பாதைக்குத்தான் போக வேண்டும். ஆடுபுலி ஆடுகிற பையன்கள் தண்டவாளத்து ஜல்லியில் மூன்றைப் பொறுக்கி வந்து அதுதான் புலி என்பார்கள். பாதை பார்க்கிற கேங்மேன் விரட்டினால் புலியை மடியில் கட்டிக்கொண்டு ஓடுவார்கள். வசதியான வீடுகளில் சொக்கட்டான் காய்கள் கடைந்த மரத்தில், அரக்குச் சாயம் ஏற்றி இருக்கும். அவர்கள் தாத்தா காலத்தில் எல்லாம் தந்தமாம். தாத்தா காலத்துத் தந்தத்தை எந்த வீட்டிலும் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

காய் எதுவானால் என்ன, ஆட்டம் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அப்படி இல்லை என்று எனக்குத் தெரிந்தது தவமணியால்.

ஊசிமருந்துப் புட்டியின் ரப்பர் மூடிக்கு ஒரு வாசனை உண்டு. மருந்தும் ஸ்பிரிட்டும் கொதித்த தண்ணீரும் கலந்த ஒரு நெடி. இன்றைக்கும் எந்த ஆஸ்பத்திரி வாசலிலாவது அது மூக்கில் பட்டால், நான் முதல் முதல் வேலைக்குப் போன அந்தத் தாழ்வாரம் வந்துவிடுகிறது. நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். துணை சுகாதார நிலையம் என்று பலகை மாட்டியிருக்கும். உள்ளே போனால் ஓர் அறை, முன்னால் சிமெண்ட் போட்ட தாழ்வாரம், பின்னால் நான் சமைத்துப் படுக்க ஓர் இடம். கட்டடம் பண்ணை வீட்டுக்குச் சொந்தம், அரசாங்கம் வாடகைக்கு எடுத்திருந்தது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் மிராசுதார்களின் தெரு, அந்தப் பக்கம் அவர்கள் வயலில் வேலை செய்கிறவர்களின் தெரு. நான் நடுவில், பாலத்தடியில், இரண்டிலும் சேராமல்.

ஆட்சி மாறி, சுவரெல்லாம் கறுப்பும் சிவப்புமாக இருந்த காலம். நிலத்துக்கு உச்சவரம்பு வருகிறது என்று ஒரே பேச்சு. பண்ணை வீடுகளில் நிலத்தை யார் யார் பேரிலோ எழுதி வைத்தார்கள். இன்னும் வீட்டு நாய்க்கு மட்டும்தான் பட்டா வரவில்லை என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரர்கள் சங்கம் வைத்து, கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். இதற்கு நடுவில் என் பாடு. காலையில் பண்ணை வீட்டில் காபி குடித்தால் அந்தத் தெரு முகம் கொடுத்துப் பேசாது. மத்தியானம் அந்தத் தெருவில் பிரசவம் பார்த்துவிட்டு வந்தால், நான் குடித்த டம்ளரை இந்தத் தெருவில் தனியாகக் கவிழ்த்து வைப்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது சும்மா சொன்னதில்லை. பேச ஆளில்லாமல், சிரிஞ்சு கொதிக்கிற சட்டியோடு பேசியிருக்கிறேன். அது பதிலுக்குக் கொதிக்கவாவது செய்தது.

தவமணி ஒரு நாள் அரிவாள் பட்ட விரலோடு வந்தாள். என் வயதுதான் இருக்கும், குழந்தை இல்லை. கட்டுப் போடும்வரை வாயைத் திறக்காதவள், ஜன்னலில் நான் காரணமில்லாமல் சேர்த்து வைத்திருந்த ரப்பர் மூடிகளைப் பார்த்துவிட்டு, "இத வச்சுத் தாயம் ஆடலாமே, நர்சம்மா" என்றாள். அந்த ஊரில் என்னிடம் வைத்தியம் தவிர வேறு எதையும் பேசிய முதல் ஆள் அவள்தான். மறுநாள் தன் மாமியார் பட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். தாழ்வாரத்தில் கரித்துண்டால் கட்டம் போட்டோம்.

அந்தத் தெருப் பெண்கள் இந்தப் பக்கத்து வீடு எதிலும் உட்கார முடியாது. என் தாழ்வாரம் சர்க்கார் தரை, அதனால் உட்கார்ந்தார்கள். பண்ணை வீட்டுக்காரர் ஒரு தடவை இது நன்றாக இல்லை என்று மரியாதையாகச் சொல்லிப் பார்த்தார். ஆபீசிலிருந்து எழுத்தில் உத்தரவு வந்தால் நிறுத்திவிடுகிறேன் என்று நானும் மரியாதையாகச் சொன்னேன். உத்தரவு வரவில்லை. வராது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்தத் தெருவில் காய்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வேறு எங்கேயும் உண்டா என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொருத்தியும் தன் காயை முந்தானையில் முடிந்து வைத்திருப்பாள். புருஷன் இருக்கிறவள் தன் கையிலிருந்து உடைந்த வளையல் துண்டை வைத்து ஆடுவாள். அது அவள் கை வளையலாகவே இருக்க வேண்டும், இரவல் ஆகாது. புருஷனை இழந்தவளுக்குப் புளியங்கொட்டை. யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் யாரும் மாற்றி வைத்ததும் இல்லை. கட்டத்தைப் பார்த்தால் எதிரில் இருப்பவள் யார் என்று தெரிந்துவிடும். தவமணியினுடையது பச்சைக் கண்ணாடி. பட்டம்மாவினுடையது கைபட்டுக் கைபட்டுக் கறுத்துப்போன புளியங்கொட்டை. என் ரப்பர் மூடி எந்தக் கணக்கிலும் சேராதது, நானும் அப்படித்தான் என்று மற்றவர்கள் என்னை ஒன்றும் சொல்லவில்லை.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் குறுவையை அறுத்தாக வேண்டும். அந்த வருடம் கூலி படியவில்லை. பண்ணை வீட்டுக்காரர் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். அந்தத் தெரு ஆண்கள் கொடியோடு வரப்பில் போய் மறித்து நின்றார்கள். முன்னால் நின்றவர்களில் ஒருவன் தவமணியின் கணவன் கோவிந்தராசு. போலீஸ் வேன் வந்தது. அன்று பகல் முழுக்க எனக்குத் தையல் போடவும் கட்டுக் கட்டவும் சரியாக இருந்தது. இரண்டு தெருக்காரர்களும் என் தாழ்வாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கிடந்தது அன்றைக்கு மட்டும்தான்.

சிதறி ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். பிடிபட்டவர்கள் ஜாமீனில் வந்தார்கள். கோவிந்தராசு வரவில்லை. பிடிபட்டவர்களில் அவன் இல்லை என்று சங்கத்துக்காரர்கள் விசாரித்து வந்து சொன்னார்கள். திருவாரூர் பஸ் ஸ்டாண்டில் தாடியோடு பார்த்ததாக ஒருவர் சொன்னார். பம்பாய்க்குப் போய்விட்டான் என்றார் இன்னொருவர். வாய்க்கால் நிறையத் தண்ணீர் போன நேரம் அது. கீழ் மதகில் ஒரு பிணம் ஒதுங்கியது, அடையாளம் தெரியாமல் புதைத்துவிட்டார்கள் என்றும் ஒரு பேச்சு இருந்தது. அதை மட்டும் யாரும் உரக்கச் சொல்லவில்லை.

மகனுடைய உயிர் மருமகளின் மணிக்கட்டில் இருப்பதாகப் பட்டம்மா நினைத்தாள். நெல் தூற்றும்போது தவமணியின் வளையல் ஒன்று உடைந்தால் கிழவி பதறிப்போய், இருக்கிற நெல்லைக் கொடுத்து வேறு வாங்கி மாட்டிவிடுவாள். தவமணிக்கோ அவன் வரமாட்டான் என்று தோன்றிவிட்டது. எப்படி என்று நான் கேட்கவில்லை, கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா. ஆனால் தாலியைக் கழற்றவும் அவளுக்குக் கை வரவில்லை. கல்யாண வீட்டில் குங்குமத் தட்டு அவளிடம் வரும்போது நீட்டுவதா வேண்டாமா என்று ஒரு நொடி தயங்கி நிற்கும், பிறகு நகர்ந்துவிடும். அவள் கல்யாணங்களுக்குப் போவதை விட்டாள். நடவுக்குப் போனாலும் ஓரத்தில் தனியாகக் குனிந்து நட்டாள். வந்து உட்கார அவளுக்கு மிச்சம் இருந்தது என் தாழ்வாரம்தான். எனக்கு மிச்சம் இருந்ததும் அவள்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மார்கழியில் ஒரு மத்தியானம். கட்டம் போட்டாகிவிட்டது. தவமணி முந்தானையை அவிழ்த்துக் காயை வைத்தாள். புளியங்கொட்டை. புதுக் கொட்டை, பளபளவென்று இருந்தது. பட்டம்மா குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு அத்தனையையும் ஒரே அள்ளாக அள்ளி வாய்க்காலில் வீசினாள்.

"எம்புள்ளைய நீயே கொன்னுபுட்டியாடி?" என்றாள்.

கிழவி அழுதுகொண்டே பாலத்தைத் தாண்டிப் போகும்வரை தவமணி காத்திருந்தாள். என் ரப்பர் மூடிகளை அவள் பக்கம் தள்ளி வைத்தேன். அது உங்களுடையது என்று திருப்பித் தள்ளினாள். பிறகு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் கட்டுனவளா, அறுத்தவளான்னு இந்தக் காயுந்தான் சொல்லணுமா, நர்சம்மா?"

ஈரத்துணியை எடுத்துவந்து தரையிலிருந்த கரிக் கட்டத்தைத் துடைத்தேன். படித்த பெண் என்று பேர், என்னால் ஆனது அதுதான்.

அதன்பிறகும் இரண்டு பேரும் வருவார்கள். ஆனால் தவமணி ஆடமாட்டாள். தூணில் சாய்ந்துகொண்டு நானும் கிழவியும் ஆடுவதைப் பார்ப்பாள். நல்ல ஆட்டக்காரி ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு பார்க்கும்போது எதிரில் உட்கார்ந்து ஆடுவது பெரிய தண்டனை.

பொங்கலுக்கு முன்னால் வளையல்கார பாய் வருவார். இரண்டு தெருப் பெண்களும் வரலாம் என்பதால் என் தாழ்வாரத்தில்தான் கடை விரிப்பார். அந்த வருடம் வளையல் பெட்டியோடு இன்னொரு பெட்டியும் சைக்கிளில் வந்திருந்தது. அது நிறைய பிளாஸ்டிக் சாமான். சீப்பு, சோப்பு டப்பா, ஊதல், பொம்மை. கண்ணாடியை வழியில் உடையாமல் கொண்டுவருவதற்குள் உயிர் போகிறது, இதைத் தூக்கிப் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்று அவரே விளம்பரம் செய்துகொண்டிருந்தார். பட்டம்மா தவமணியை முன்னால் உட்கார வைத்து, பச்சை வளையலாகப் போடச் சொன்னாள். பாய் வளையலை விரலில் கோத்துக்கொண்டு கையை நீட்டச் சொன்னார். தவமணி கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

பாய்க்கு ஊர்ச் சமாசாரம் தெரியாமல் இல்லை. போடுவதா, எடுத்து வைப்பதா என்று என்னைப் பார்த்தார். நான் கிழவியைப் பார்த்தேன். கிழவியின் உதடு துடித்துக்கொண்டிருந்தது. அவள் மட்டும் அன்றைக்கு ஒரு வார்த்தை கத்தியிருந்தால், தவமணி எழுந்து அந்தப் பாலத்தைத் தாண்டி, அந்த ஊரையும் தாண்டிப் போயிருப்பாள் என்று எனக்குப் பட்டது. போகிற முகமாகத்தான் இருந்தது அது.

தவமணி கையை நீட்டினாள், பாயிடம் இல்லை. இரண்டாவது பெட்டிக்குள் விட்டு ஒரு சின்ன பாலிதீன் பையை எடுத்தாள். உள்ளே லூடோ காய்கள், சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். "எனக்கு இது போதும், பாய்" என்றாள்.

பட்டம்மா வளையலுக்கென்று முந்தானையில் கட்டி வந்திருந்த நெல்லை அவிழ்த்து பாயின் முறத்தில் கொட்டினாள். அவள் ஏன் கொட்டினாள் என்பதை இத்தனை வருடத்தில் பல விதமாக யோசித்திருக்கிறேன். மகன் போன பிறகு மருமகளும் போய்விடக்கூடாது என்ற பயம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு அந்தக் காய்களை முதலில் பிடிக்கவே இல்லை. கனமே கிடையாது. காற்றடித்தால் கட்டம் மாறி உட்காரும். எதிராளியின் காயை வெட்டி அந்த இடத்தில் நம் காயைச் சத்தமாக வைக்கிற சுகம் இதில் இல்லை. புது பிளாஸ்டிக் நாற்றம் வேறு. ஆனால் தவமணி மஞ்சளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது பார்த்தேன். மஞ்சள் காய்க்குப் புருஷன் உண்டா இல்லையா என்று யாரால் சொல்ல முடியும்? அது யார் கையிலிருந்தும் உடைந்ததில்லை, எந்த மரத்திலிருந்தும் விழுந்ததில்லை. அதற்கு ஊரும் தெரியாது, உறவும் தெரியாது. அவள் தாயக்கட்டையை உருட்டினாள். நான் பச்சையை எடுத்தேன். பட்டம்மா தன் புளியங்கொட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்க வெட்கம். கடைசியில் நாலு சிவப்புக் காய்களையும் எடுத்துத் தன் முன்னால் அடுக்கினாள்.

"கெழவிக்குச் செவப்பு கேக்குது பாருங்க" என்றாள் தவமணி. ஐப்பசிக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கிழவியும் சிரித்தாள். எத்தனை வருடமாகப் புளியங்கொட்டையோடு உட்கார்ந்திருந்தாளோ. நீலக் காய்களை மட்டும் கிழவி யாரையும் எடுக்க விடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஆட வந்து கேட்டபோதுகூட, அது அவனுக்கு இருக்கட்டும் என்று பையிலேயே வைத்துக்கொண்டாள்.

பழைய காலத்துச் சாமான் எல்லாம் பொன், பிளாஸ்டிக் வந்து எல்லாம் கெட்டது என்று பேசுகிறவர்கள் என்னிடம் அகப்பட்டால் நான் விடுவதில்லை. கும்பகோணத்தில் ஒரு கடையில் இப்போது புளியங்கொட்டையையும் மஞ்சாடி விதையையும் துணிப்பையில் போட்டு, பாரம்பரியம் என்று விலை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பையைப் பார்த்ததும் எனக்கு வாய்க்காலில் விழுந்த கொட்டைகளின் சத்தம்தான் கேட்டது. கடைக்காரப் பெண் அன்பாக விளக்கம் சொன்னாள். நான் கோபமாக ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

பிறகு என்னை வேறு ஊருக்கு மாற்றினார்கள், அப்புறம் இன்னொரு ஊர். கல்யாணம் தள்ளிப்போய், தள்ளிப்போய், இல்லை என்றே ஆனது. நன்னிலம் பக்கம் போனால் தவமணியைப் பார்க்காமல் வரமாட்டேன். பட்டம்மா போய்ச் சேர்ந்த பிறகும் அவள் அந்தத் தெருவிலேயே இருந்தாள். சத்துணவுக் கூடத்தில் வேலை. விதவைப் பணம் வாங்க இறப்புச் சான்று வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம், அவள் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு தடவை போனபோது கையில் ரப்பர் வளையல் போட்டிருந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, இது உடையாது, யாரும் எதுவும் கேட்கவும் மாட்டார்கள் என்றாள். இரண்டு பேரும் டீ குடித்தோம். ஆடலாமா என்று நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது மனசு அடித்துக்கொள்கிறது.

போன மாதம் ஒரு காலையில் போன் வந்தது. கோவிந்தராசுவின் தம்பி மகன். சின்னப் பையனாக அவனுக்கு நான் தடுப்பூசி போட்டிருக்கிறேன், இப்போது சென்னையில் கம்பெனி வேலை, தலை நரைத்துவிட்டது. தவமணி தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றான். நான் புடவை மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மறுபடியும் கூப்பிட்டான். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கக் கொடுக்க வேண்டுமாம். வழக்கமாகப் பெண்களுக்கு இன்னாரின் மனைவி என்று போடுவார்கள் அல்லவா. அதில் ஒரு சந்தேகம். வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை, தெருவில் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

"பெரியப்பா பேருக்கு முன்னால லேட்டுன்னு போடணுங்களா, வேண்டாமுங்களா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவள் கல்யாண வீடுகளை விட்டாள். இதைக் கேட்டால் மருமகளும் போய்விடுவாள் என்றுதான் ஒரு கிழவி நெல்லைக் கொட்டினாள். இப்போது அது என்னிடம் வந்து நிற்கிறது, அவளே இல்லாத அன்றைக்கு.

"அவ பேர மட்டும் போடுப்பா. தவமணின்னு போட்டாப் போதும்."

"வெறும் பேரு போட்டா நல்லாருக்குங்களா?"

"நல்லாருக்கும்."

போஸ்டரை நன்னிலம் பஸ் நிறுத்தத்திலேயே பார்த்துவிட்டேன். ரேஷன் கார்டுப் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். கீழே பெரிய எழுத்தில் தவமணி. முன்னும் பின்னும் எவர் பேரும் இல்லை. ஊருக்குள் போனால் என் தாழ்வாரம் இருந்த இடத்தில் நெல் கொள்முதல் கிடங்கு. பண்ணை வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் எங்கெங்கோ போய்விட்டார்கள். அந்தத் தெருவில் மாடி வைத்த மெத்தை வீடுகள், வாசலில் கார், வந்தவர்களில் பாதிப் பேர் படித்து வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். ஒரு காலத்தில் அந்த ஊரில் ஒரு போஸ்டரில் புருஷன் பேர் இல்லாவிட்டால் பத்துப் பேர் கூடிப் பேசுவார்கள். யாராவது கிழவி வந்து கேட்பாள், பதில் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துத் தயாராகப் போயிருந்தேன்.

தவமணியை எடுக்கும்வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்தவர்கள் ஒருவரும் அந்தத் தெருவில் மிச்சமில்லை.